ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்

சிமெண்ட் வாங்கப் போன இடத்தில்தான் அந்த பஸ்ஸைப் பார்த்தேன். அரியலூரில் கட்டுமானச் சாமான் விற்கும் கடை அது. கடைக்குப் பின்னால் பெரிய காலிமனை. கம்பிக் கட்டு, ஜல்லிக் குவியல், எம்-சாண்ட். அதற்கெல்லாம் நடுவே, டயர் இல்லாமல் மரக்கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தது ஒரு மூக்கு பஸ். என்ஜின் முன்னால் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் பழைய வகை. மழை படாத இடம் அது ஒன்றுதான் என்று சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே சிமெண்ட் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள்.

நான் அப்போது ஒரு காண்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியர். சிவில் படித்த பிறகு மூன்றாவது வேலை. முதல் இரண்டையும் ஏன் விட்டேன் என்று வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூட்டையின் தேதியைப் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறியவள், தேதியைப் பார்க்கவே இல்லை.

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருந்த தகரத் தடுப்பில் பெயிண்டால் எழுதிய ஸ்டேஜ் பலகை, பஸ் நிற்கும் இடங்கள் எண் போட்டு வரிசையாக. ஒன்று, அரியலூர். பன்னிரண்டு, திருமானூர். ஏழு, எங்கள் ஊர். தடுப்புக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்தால் கண்டக்டரின் மொத்த சாமானும் கிடந்தது. கலர் கலராக டிக்கெட் கட்டுகளைச் செருக ஆறு கிளிப் அடித்த மரப்பலகை, விசில், தோல் பை, அப்புறம் இடுக்கி மாதிரி ஒரு பஞ்ச். பயணி எந்த ஸ்டேஜில் ஏறினாரோ அந்த எண்ணின் மேல் டிக்கெட்டில் ஓட்டை போடுவது. அதைக் கையில் எடுத்து அழுத்தினேன். அசையவில்லை. இரண்டு கையாலும் அழுத்தினேன். துரு உதிர்ந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. அவ்வளவுதான், நான் மாட்டிக்கொண்டேன்.

கடைக்காரர்தான் பஸ் முதலாளியின் மகன். பஸ் ஓடுவது நின்று, அப்பாவும் போய், அவர் சிமெண்ட் கடைக்கு மாறியிருந்தார். நேராகப் போய்க் கேட்டேன்.

“சார், அந்த பஸ் ஓடுமா?”

“அதுல நாய் கூட ஏறாதும்மா. இரும்புக்குப் போட ஆள் வரச் சொல்லிருக்கேன்.”

“ஓட வச்சா எனக்குத் தருவீங்களா?”

அவர் சிரித்தார். கடையில் இருந்த நாலு பேரையும் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தார். “ஓட வச்சு, திருமானூர்ல எம் புதுக்கடை திறப்பு விழா அன்னிக்கு அரியலூர்லேருந்து அங்க வரைக்கும் பழைய ரூட்டுல ஒரு நடை ஓட்டிக் காட்டு. அப்புறம் ஒனக்கே ஒனக்கு. ஓடலன்னா மறுநாள் இரும்புக்கு.”

அவர் அப்பாவை எங்கள் தாத்தா வேறு சொல்லால்தான் கூப்பிடுவாராம், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு. நான் ‘சார்’ என்றேன், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு. அவருக்கு அது தெரிந்ததா என்று தெரியாது. எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவள், சத்தம் போடாமல் பேசத் தெரியாது. அன்றைக்குச் சத்தமே வரவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த கை மட்டும் நின்றது.

“எந்த பஸ்ஸு? அந்த மூக்கு பஸ்ஸா?”

“ஆமாம்மா.”

“அது மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்.”

அம்மா அரியலூருக்குப் பள்ளிக்கூடம் போனது அந்த பஸ்ஸில்தான். ஆனால் ஏறியது எங்கள் தெருவில் அல்ல. திருமானூரிலிருந்து வரும் பஸ் எங்கள் தெரு முனை வழியாகத்தான் போகும், நிற்காது. அதைத் தாண்டி ஊர்த்தெருவில் போய்த்தான் நிற்கும், ஏழாவது ஸ்டேஜில். எங்கள் தெருப் பிள்ளைகள் முன்னாடியே கிளம்பி நடக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானால் பஸ் அவர்களைத் தாண்டிப் போகும், பின்னால் ஓட வேண்டும். ஓடி வருவதை டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார், சில நாள் காத்திருப்பார், சில நாள் எடுத்துவிடுவார். ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்து உள்ளே இருப்பவர்கள் பந்தயம் கட்டுவார்களாம். ஒருநாள் அம்மா ஜெயித்திருக்கிறாள். “எவனோ ஒருத்தன் கை தட்டுனான்டி. எனக்கு அவன அடிக்கணும் போல இருந்துச்சு” என்றாள்.

எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. பஸ்ஸை ஓட வைப்பது பாதி வேலை. அது எங்கள் தெரு முனையில் நிற்க வேண்டும், அம்மா அதில் ஏற வேண்டும். பழைய சாமான் சேர்க்கிறவர்களெல்லாம் ‘அந்தக் காலம் போல வருமா’ என்பார்கள். அந்தக் காலம் எங்களை ஏற்றிக்கொள்ளவில்லை. அதன் மேல் எனக்கு எந்த ஏக்கமும் இல்லை. பஸ் மட்டும் பிடித்திருந்தது. இரண்டும் வேறு வேறு என்று அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, செய்து காட்டலாம் என்று கிளம்பினேன்.

பெரம்பலூரில் என் கல்லூரித் தோழன் ஒருவன் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். மெக்கானிக்கல் படித்தவன். நான் அவனை ‘மெக்கு’ என்பேன், அவன் என்னை ‘சிவிலு’ என்பான். போன் பண்ணிச் சொன்னதும், “ஒனக்குப் பைத்தியம் முத்திடுச்சு, எப்ப எடுத்துட்டு வர?” என்று ஒரே மூச்சில் கேட்டான். மூட்டைகளை இறக்கி, கிரேன் வைத்துத் தூக்கி, ஒரு டிரெய்லரில் ஏற்றி பெரம்பலூருக்குக் கொண்டுபோனோம். வழியில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். மரியாதையா கேலியா, தெரியவில்லை. இரண்டு பேரும் கை காட்டினோம்.

பட்டறைக்கு வந்ததும் முதல் வேலையாக பஸ்ஸைக் கழுவினோம். கழுவினோம் என்றால் சும்மா இல்லை. லாரி கழுவும் பிரஷர் பம்பை இழுத்து வந்து உள்ளே வெளியே மேலே கீழே, ஜன்னல் தகடு இறங்கும் பள்ளம், கதவுக் கீல், கூரையோடு ஓடும் மணிக்கயிற்றின் சின்னச் சக்கரங்கள், தரைப்பலகை இடுக்கு என்று ஒன்றை விடாமல் பீய்ச்சினோம். சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடியது. “அழுக்கு பாரு, எவ்வளவு அழுக்கு பாரு” என்று எனக்கு ஒரே குஷி. அப்படியே நனைய விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம்.

மறுநாள் வந்து ஜன்னலை இறக்கினேன், இறங்கவில்லை. கதவு திறக்கவில்லை. மணிக்கயிற்றை இழுத்தேன், சுவரில் அடித்த ஆணியை இழுப்பது மாதிரி இருந்தது. மெக்கு விரல் நகத்தால் ஜன்னல் பள்ளத்தைச் சுரண்டினான், நகர்ந்து உட்கார்ந்தான், என்னைப் பார்த்தான்.

“ஏ சிவிலு. இதுக்குள்ள வருசக்கணக்கா என்ன மூட்டை இருந்துச்சு?”

நான் ஜன்னல் கம்பியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“சொல்லு, என்ன மூட்டை?”

“சிமெண்ட்.”

“சிமெண்ட்ல தண்ணி ஊத்துனா என்னாவும்? நீ படிச்ச காலேஜ்ல சொல்லித் தந்தாங்களா, இல்ல அன்னிக்கு லீவா?”

மூட்டை கிழிந்து கிழிந்து கொட்டிய மாவு அத்தனை இடுக்கிலும் தங்கியிருந்திருக்கிறது. நான் அதை அழகாக நனைத்து, பதமாக விட்டுவிட்டுப் பிரியாணி சாப்பிடப் போயிருக்கிறேன். அரியலூர்க்காரி. பிறந்ததிலிருந்து சிமெண்ட் லாரிக்குப் பின்னாலேயே வண்டி ஓட்டுகிறவள். வேலையே அதில்தான்.

“கியூரிங்குக்குத் தண்ணி ஊத்தட்டுமா மேடம்? இன்னும் நல்லா செட்டாவும்” என்றான் மெக்கு. அதற்கு அப்புறம் வந்த வாரமெல்லாம் பட்டறைக்கு யார் வந்தாலும் அந்தக் கதையைச் சொன்னான். சொல்லும்போது நானும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று வேறு கூப்பிடுவான்.

ஆசிட் ஊற்றலாம் என்றார்கள். தகரமும் சேர்ந்து போய்விடும், வேண்டாம் என்றேன். ஸ்க்ரூ டிரைவர், சேலை ஊக்கு, பழைய டூத் பிரஷ், உளி. ஒவ்வொரு ஜன்னலாக உட்கார்ந்து கொத்தினோம். சனி, ஞாயிறு எல்லாம் அரியலூரிலிருந்து பெரம்பலூர் பஸ்ஸில் போய், கை முழுக்கச் சாம்பலாகத் திரும்புவேன். காண்ட்ராக்டர், “லீவு நாள்லயும் சிமெண்ட்டாம்மா?” என்று கேட்டார். நாலாவது வேலை தேட வேண்டியதாக ஆனது, அது வேறு கதை. மணிக்கயிற்றின் சக்கரம் ஒன்று உடைந்தே போனது, மெக்கு லேத்தில் புதிதாகக் கடைந்து கொடுத்தான். டயர் போட்டு, கடைக்காரர் கழற்றிப் போட்டிருந்த சீட்டுகளையும் தூசி தட்டித் திரும்ப மாட்டினோம்.

அப்புறம் சண்டை ஆரம்பித்தது. மெக்குவுக்கு எல்லாவற்றையும் பளபளவென்று ஆக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடலாம், கூரையில் எல்.இ.டி. ஓட விடலாம், சைடில் ஒரு கழுகு வரையலாம் என்பான்.

“கழுகு வரஞ்ச அன்னிக்கு நான் ஒன்ன வரஞ்சிடுவேன்” என்றேன். “எது இருந்துச்சோ அதுதான் இருக்கணும். இல்லாதத நாம வைக்கக் கூடாது. பெயிண்ட் உரிஞ்ச எடத்துல அதே பெயிண்ட். நெளிஞ்ச தகரம் நெளிஞ்சே இருக்கட்டும்.”

“அப்ப ஸ்டேஜ் பலகை?”

அது எனக்குக் கொஞ்சம் தைத்தது. எழுத்து பல இடத்தில் அழிந்திருந்தது, திரும்ப எழுதத்தான் வேண்டும். ஏழுக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எங்கள் தெருவை எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு சாயங்காலம் முழுக்கப் பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றேன். எழுதவில்லை. எழுதினால், அந்தக் காலத்தில் எங்களுக்கும் ஒரு ஸ்டேஜ் இருந்தது என்று நாளைக்கு எவனாவது போட்டோ எடுத்துப் போடுவான். நடந்த அத்தனை நடையும் இல்லாமல் போய்விடும். பன்னிரண்டு வரியையும் இருந்தபடியே எழுதி முடித்தேன்.

டிக்கெட்டும் அப்படித்தான். பெட்டிக்குள் இருந்த பழைய கட்டுகள் பூச்சி அரித்து ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. பிழைத்த ஒன்றை வைத்து, அதே முரட்டுத் தாளில், ஓரத்தில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை கட்டம் கட்டி, அரியலூரில் ஒரு அச்சகத்தில் அடித்தோம். அச்சுக்காரர், “இப்ப எல்லாம் மெஷின்லயே வந்துடுதேம்மா, இத எதுக்கு?” என்றார். “எனக்கு ஓட்டை போடணும்ணே” என்றேன். அவருக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது.

என்ஜின் கிளம்பிய அன்று பட்டறை முழுக்கக் கறுப்புப் புகை. இருமிக்கொண்டே குதித்தோம்.

விஷயம் தெரிந்து கடைக்காரர் காரில் பெரம்பலூருக்கே வந்தார். பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஸ்டேஜ் பலகை முன்னால் நின்றபோது கண் கலங்கியது, அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு நாளைக்கு அனுமதி வாங்கியிருந்தோம், யாரிடமும் காசு வாங்கக் கூடாது, டிக்கெட் சும்மா ஞாபகத்துக்கு மட்டும் என்ற கண்டிஷனோடு. எல்லாம் பேசி முடித்த பிறகு சொன்னேன்.

“சார், எங்க தெரு மொனையில ஒரு நிமிசம் நிக்கும்.”

அவர் முகம் மாறவில்லை. பொறுமையாகச் சிரித்தார். “அங்க ஸ்டேஜ் இல்லையேம்மா.”

“நிறுத்துனா நிக்கும் சார்.”

“நீதானே தம்பிகிட்ட சொன்னியாம், எது இருந்துச்சோ அதுதான் இருக்கணும்னு. பழைய ரூட்டுன்னா பழைய ரூட்டு. பலகைல ஒங்க தெரு எங்க இருக்கு, காட்டு? நீயே எழுதுன பலகைதானே?”

மெக்கு தரையைப் பார்த்தான். என் வார்த்தையை எடுத்து எனக்கே மாட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து, சேர்த்து எழுதியிருக்கலாமோ என்று அம்மாவிடம் புலம்பினேன். அந்த பஸ்ஸைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற அம்மா, அன்றைக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஸ்டேஜ் இல்லாத எடத்துல அது நிக்காதாமா? அவரா சொன்னாரு? பம்புசெட்டாண்ட நிக்கும், அவரோட பங்காளி ஏறுவாரு. மாட்டு டாக்டரு எங்க கை காட்டுனாலும் நிக்கும். ஒருக்கா கல்யாணத்துக்குப் போன பொம்பளைங்க பூ வாங்கணும்னு சொல்லி நடு ரோட்டுல நின்னுச்சு. நாங்க உள்ள உக்காந்து பாத்துக்கிட்டுதானே இருந்தோம்? அதெல்லாம் எந்தப் பலகைல எழுதிருந்துச்சாம்?”

“அப்ப டிக்கெட் எப்படிம்மா போடுவாங்க?”

“முந்தின ஸ்டேஜ்ல ஏறுனதா ஓட்டை போட்டுக் குடுத்துடுவாங்க. இது ஒரு பெரிய கணக்கா?”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பலகையைப் பார்த்துப் பார்த்து அதுதான் எங்களை நிறுத்தியது என்று நினைத்திருந்தேன். பலகை யாரையும் தடுக்கவில்லை. கை காட்டினால் நிற்க பிரேக் இருந்தது, மணி அடிக்கக் கயிறு இருந்தது, இடையில் ஏறுகிறவர்களுக்கு டிக்கெட் போட வழியும் இருந்தது. எங்களுக்காக அந்தக் கயிற்றை ஒருத்தரும் இழுக்கவில்லை. அவ்வளவுதான். அப்படியென்றால் பஸ்ஸில் ஒரு ஆணியைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

“நீ தெரு மொனைல நிப்பியாம்மா?”

“நான் எதுக்கு நிக்கணும்? வேல கெடக்கு” என்று கீரைத் தண்டை அள்ளிக்கொண்டு போனாள்.

திறப்பு விழா அன்று நான்தான் கண்டக்டர். தோல் பை, டிக்கெட் பலகை, விசில், கையில் பஞ்ச். காக்கிச் சட்டை தைத்துக்கொண்டேன். மெக்கு ஹெவி லைசென்ஸ் வைத்திருக்கிறவன், அவன்தான் டிரைவர். கடைக்காரரும் அவர் வீட்டம்மாவும் முன் சீட்டில், பின்னால் அவர் அழைத்த சொந்தக்காரர்கள், பட்டுச் சேலை, மல்லிகைப்பூ, செல்போன். ஒவ்வொருவருக்கும் ஒன்றாம் எண்ணில் ஓட்டை போட்டுக் கொடுத்தேன். ‘டக், டக்’ என்று கேட்கிற போதெல்லாம் எல்லோரும் சிரித்தார்கள். வெயிலில் முந்திரிக்காடு தாண்டி, கரும்பு லோடு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்து, ஒவ்வொரு ஸ்டேஜிலும் நின்று போனோம். ஏழாவது ஸ்டேஜில் ஊர்த்தெருவே கூடி ஆரத்தி எடுத்தது. தேங்காய் உடைத்தார்கள்.

இரண்டு மணி அடித்தேன், புறப்பட்டது. அடுத்தது எங்கள் தெரு முனை.

கடைக்காரர் முன்னால் சாய்ந்து மெக்குவின் தோளைத் தட்டினார். “நிக்காம போயிடு தம்பி, நல்ல நேரம் முடியப் போவுது.” சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எனக்குக் கேட்டது. மெக்கு கண்ணாடியில் என்னைப் பார்த்தான். கயிறு என் தலைக்கு மேலே இருந்தது. ஒரு மணி என்றால் நில், இரண்டு மணி என்றால் போ. டிரைவர் யார் பேச்சைக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மணியின் பேச்சைக் கேட்க வேண்டும், அதுதான் பஸ்ஸின் சட்டம்.

ஒரே ஒரு தடவை இழுத்தேன். நாங்கள் கொத்திக் கொத்தி எடுத்த சக்கரங்கள் எல்லாம் உருண்டு, முன்னால் ‘டிங்’ என்றது. மெக்கு பிரேக்கை மிதித்தான்.

“ஏம்மா, ஸ்டேஜ் இல்லன்னு சொன்னேன்ல?”

“பாசஞ்சர் கை காட்டுறாங்க சார்” என்றேன்.

காட்டவில்லை. அம்மா தெரு முனையில் நின்றுகொண்டிருந்தாள், நல்ல சேலையில், கையைக் கட்டிக்கொண்டு. பின்னால் தெருவில் பாதிப் பேர். கதவைத் திறந்தேன். யாரும் நகரவில்லை. அம்மா பஸ்ஸை மூக்கிலிருந்து வால் வரை ஒருமுறை பார்த்தாள். அப்புறம் ஒவ்வொரு படியாக, அவசரமே இல்லாமல் ஏறினாள்.

“டிக்கெட்” என்றேன்.

“திருமானூர் ஒண்ணு.”

டிக்கெட் பலகையிலிருந்து ஒன்றைக் கிழித்தேன். முந்தின ஸ்டேஜ் ஏழு. பஞ்ச்சை ஏழின் மேல் வைத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் ஏழுல ஏறல.”

“வழக்கம் அதுதாம்மா, நீயேதான சொன்ன?”

“அது அவங்க வழக்கம். ஏழுல ஏற நான் எத்தன வருசம் நடந்தேன்? இன்னிக்கு நடக்கல. இங்க ஏறுனேன். எங்க ஏறுனனோ அங்க போடு.”

பஸ் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழாம் கட்டத்துக்கும் எட்டாம் கட்டத்துக்கும் நடுவே ஒரு கோடு, மயிரிழை மாதிரி. பஞ்ச்சை அதன் மேல் நகர்த்தி அழுத்தினேன். ஓட்டை இரண்டு எண்ணிலும் படாமல் சரியாகக் கோட்டில் விழுந்தது.

கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “அது செல்லாத டிக்கெட்டும்மா.”

“செக்கர் வந்தா நான் பேசிக்கிறேன் சார்.”

பின்னால் யாரோ ஒரு பையன் சிரித்தான், அவர் சொந்தக்காரப் பையன்தான். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதற்குள் எங்கள் தெரு முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தது. மெக்கு, “ஓவர்லோடு, ஓவர்லோடு” என்று கத்தினான், குரலில் ஒரு சிரிப்போடு. அம்மா முன் சீட்டுக்குப் போய், கடைக்காரர் வீட்டம்மாவிடம் கொஞ்சம் தள்ளி உட்காருங்க என்றாள். கெஞ்சவும் இல்லை, அதட்டவும் இல்லை, எந்த பஸ்ஸிலும் எவரும் கேட்பது மாதிரிதான். அந்த அம்மாள் ஒரு நொடி வீட்டுக்காரரைப் பார்த்தார். அப்புறம் மடியிலிருந்த கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.

இரண்டு மணி அடித்துவிட்டு நான் கூட்டத்துக்குள் புகுந்தேன். ஒவ்வொரு டிக்கெட்டிலும் அதே கோட்டின் மேல் ஓட்டை. சித்தி ஒருத்தி, “எனக்குப் பெரிய ஓட்டையாப் போடுடி” என்றாள். ஒருவர் டிக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எங்கே இருக்கிறேன், பஸ் எங்கே போகிறது என்பதே மறந்துபோயிருந்தது. முன் சீட்டிலிருந்து அம்மாவின் அங்கன்வாடிக் குரல் கணீரென்று வந்தது.

“ஏய் கண்டக்டரு! எட்டாம் ஸ்டேஜ் வந்துடுச்சு, ரோட்டுல ஆளுங்க நிக்கிறாங்க பாரு. அங்க என்ன வேடிக்கை, மணிய அடி!”